மலம்புழை யட்சியும் காடஞ்சேரி பத்மினியும்

ஜூலை 11, வியாழன் – கொழிஞ்சாம்பாறை

ஆனி மாதத்தில் பொள்ளாச்சி–பாலக்காடு பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்கு யாரும் அடித்துக்கொள்வதில்லை. கோபாலபுரம் நெருங்கும்போதே கணவாய்க் காற்று பிடித்துக்கொள்கிறது. பெரியம்மா முந்தானையால் தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டார். எங்கள் ஜன்னல் கண்ணாடி பாதியில் சிக்கி நின்றது.

"ஏனுங்க, இது மூடாதுங்களா?"

"மூடும். மூடுனா அப்பறம் தொறக்காதுங்க" என்றார் கண்டக்டர். அப்படியே விட்டுவிட்டோம்.

மாமா மகனுக்கு நாளைக் காலை கல்யாணம். அம்மா மாட்டைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே நின்றுவிட்டதால் நானும் பெரியம்மாவும் மட்டும். எனக்குக் கல்யாணம் ஒரு சாக்கு. உடுமலைப் பக்கம் ஒரு பள்ளியில் டிராயிங் டீச்சராக இருக்கிறேன். கல்யாணத்தை ஒட்டி லீவு போட்டுக்கொண்டு, பத்மினி என்கிற ஓவியரின் ஊரையும் அவருடைய படங்களையும் பார்த்துவிடுவது என்பது என் திட்டம். பெரியம்மாவிடம் "கொச்சி வரைக்கும் போலாம் வாங்க" என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

செக்போஸ்ட் தாண்டியதும் போர்டு எழுத்து மாறுகிறது, தோப்பு மாறவில்லை. அதே தென்னை, அதே செம்மண், அதே பேச்சு. ஒரே ஒரு வித்தியாசம், சாலையோரக் கள்ளுஷாப்பு. நம் பக்கம் கள் இறக்கத் தடை. இங்கே சித்தூர் தாலுகாவில் இறக்குகிற தென்னங்கள் கேரளத்தின் மற்ற ஜில்லாக்களுக்கெல்லாம் வண்டி வண்டியாகப் போகிறது. கல்யாண வீட்டு ஆண்கள் பாதிப் பேரை மத்தியானத்துக்கு மேல் காணவில்லை, காரணம் யாரும் கேட்கவில்லை.

மாமா வீட்டில் பேசுவது தமிழ்தான். ஆனால் நடுநடுவே "மனசிலாச்சா" வந்து விழும். பிள்ளைகள் தமிழ் மீடியத்தில் படித்தவர்கள். ராத்திரி ஆப்பமும் கடலைக்கறியும், கூடவே நம் ஊர் மாதிரி பச்சைப்புளி ரசம். மட்ட அரிசிச் சோற்றைப் பெரியம்மா விரலால் உருட்டிப் பார்த்து, "வேகலையா, இல்ல வெந்தாலே இப்படித்தானா?" என்று கேட்டதில் மாமிக்குக் கொஞ்சம் வருத்தம்.

பந்தலடியில் உட்கார்ந்து என் திட்டத்தைச் சொன்னேன். "பத்மினி ஊருக்கா? அவிய திருவனந்தபுரமல்ல? நாட்டியப் பேரொளி" என்றார் ஒரு சித்தப்பா. ராகினி எந்த ஊர், லலிதா எந்த ஊர் என்று பேச்சு போய்விட்டது. நான் சொல்ல வந்த டி.கே. பத்மினி 1940ல் இப்போதைய மலப்புரம் ஜில்லாவில், எடப்பாள் பக்கத்துக் காடஞ்சேரியில் பிறந்தவர். 1961ல் மெட்ராஸ் ஓவியக் கல்லூரிக்குப் படிக்க வந்தார். 1969ல் பிரசவத்தில் இறந்துபோனார். இதைச் சொன்னதும் பந்தலில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் "அடப் பாவமே" என்றார்கள். அவர் என்ன வரைந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு இது புதிதில்லை. அவரைப் பற்றி எழுதுகிறவர்களும் பெரும்பாலும் அந்த "அடப் பாவமே"யில்தான் தொடங்குகிறார்கள்.

ஜூலை 12, வெள்ளி – மலம்புழை

முகூர்த்தம் விடிகாலையில் முடிந்தது. பாயசம் மூன்று வகை. மண்டபத்தைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

பாலக்காடு டவுனிலிருந்து மலம்புழை பத்துக் கிலோமீட்டர் இருக்கும். பஸ் இறங்கும்போது தூறல், டிக்கெட் கவுண்டருக்குப் போவதற்குள் கொட்டிவிட்டது. குடை ஒன்று, ஆள் இரண்டு. பெரியம்மா கல்யாணப் பட்டை மாற்றியிருந்தார், நல்லவேளை.

அணையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இதைத் திறந்து வைத்தது காமராஜர். 1955ல் மலபார் மெட்ராஸ் ராஜ்யத்தில் இருந்தது, அவர்தான் முதலமைச்சர். அடுத்த வருஷம் நவம்பரில் கேரளம் பிரிந்தபோது அணையும் அந்தப் பக்கம் போனது. பெரியம்மாவுக்கு இது ஒரு பெரிய ஆறுதல். "நம்மாளு கட்டுனது" என்று வாட்ச்மேனிடமே சொன்னார். அவர் தலையாட்டிவிட்டு, குடையை மடக்கச் சொன்னார், காற்றில் பறந்துவிடும் என்று.

பூங்காவுக்குள் கொஞ்ச தூரம் நடந்தால் யட்சி சிலை. படத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நேரில் பார்க்கும்போது நெஞ்சு ஒரு நிமிஷம் நின்றுதான் போனது. கிட்டத்தட்ட முப்பது அடி உயரம். கால்களை அகட்டி உட்கார்ந்து, இரண்டு கையையும் கூந்தலுக்குள் விட்டு, முகத்தை வானத்தைப் பார்த்துத் தூக்கி வைத்திருக்கிறாள். உடம்பில் ஒரு துணி இல்லை. மழையில் சிமெண்ட் கறுத்து, முழங்காலில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பின்னால் மலை. அழகான பெண்ணைச் செய்ய வேண்டும் என்று சிற்பி நினைத்த மாதிரியே இல்லை. மலைக்கு எதிரே நிற்கக்கூடிய ஒன்றைச் செய்ய வேண்டும் என்று நினைத்திருக்கிறார். தொடை ஒவ்வொன்றும் பாறை.

செய்தவர் கானாயி குஞ்ஞிராமன். மெட்ராஸ் ஓவியக் கல்லூரியில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரிடம் படித்தவர், பிறகு லண்டன் ஸ்லேடு கலைப் பள்ளியில் படித்தவர். இந்த வேலையை ஒப்படைத்தது அரசாங்கம். நிர்வாணமாக ஒரு பெண்ணா என்று எதிர்ப்பு வந்தது, சிற்பி பின்வாங்கவில்லை. 1969ல் முடித்தார். இப்போது பாலக்காட்டு டூரிஸ்ட் போஸ்டர் எதை எடுத்தாலும் இவள்தான்.

பணிக்கர் பிறந்தது நம் கோயம்புத்தூரில், 1911ல். அதே பணிக்கர் பிரின்சிபாலாக இருந்த அதே கல்லூரியில்தான் பத்மினியும் படித்தார். பத்மினி வரைந்ததும் பெரும்பாலும் பெண்களைத்தான், அதிலும் நிறைய நிர்வாணமாக. யட்சி எழுந்து உட்கார்ந்த 1969ல் பத்மினி போய்விட்டார். ஒரே வாத்தியாரிடம் படித்த இரண்டு பேர், ஒரே காலம், எடுத்துக்கொண்டதும் ஒரே விஷயம். ஒருவர் வேலைக்கு அரசாங்கம் காசு கொடுத்து, தோட்டம் போட்டு, மேலே ரோப்வேயும் விட்டிருக்கிறது. இன்னொருவரின் பெயரைச் சொன்னால் நாட்டியப் பேரொளி ஞாபகம் வருகிறது. இதற்குக் கானாயி என்ன செய்வார்? யட்சி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. கணக்கு மட்டும் உறுத்துகிறது.

காலேஜ் பையன்கள் நாலைந்து பேர் சிலை மாதிரியே கையைத் தலைக்கு மேல் வைத்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குடும்பத்தில் அப்பா மட்டும் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று, பிள்ளைகளுக்கு ரோப்வேயைக் காட்டினார். பெரியம்மா என்ன சொல்வாரோ என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். நன்றாக அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இத்தாம் பெருசு செஞ்சவன் அந்தக் காலுக்கு ஒரு விரலாச்சும் ஒழுங்கா செஞ்சிருக்கப்படாதா?"

போய்ப் பார்த்தேன். எனக்கு விரல்களில் குறை தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது.

வெளியே உப்பில் ஊறிய நெல்லிக்காயும் அன்னாசியும் பாட்டிலில் வைத்து விற்கிறார்கள், ஒரு கப் இருபது ரூபாய். காரம் காதுக்கு ஏறுகிறது. விற்ற அம்மாளிடம் யட்சியைப் பற்றிக் கேட்டேன். தினமும் பார்க்கிறீர்களே, எப்படி இருக்கிறது? "அவளுக்கு ஒரு வேலையும் இல்ல, எனக்கு நின்னுட்டே வேலை" என்று பாலக்காட்டுத் தமிழில் சொல்லிவிட்டு மிளகாய்த்தூளைத் தூவினார்.

ராத்திரி பாலக்காட்டில் லாட்ஜ், 900 ரூபாய். சுவரில் ரவிவர்மா படம். ஈரச் சேலையோடு ஒரு பெண், பிரேமுக்குள் கரையான்.

ஜூலை 13, சனி – ராமசேரி, எடப்பாள், காடஞ்சேரி

காலையில் ஆட்டோ பிடித்து ராமசேரிக்குப் போனோம். எலப்புள்ளி பக்கம். இட்லிக்காக இவ்வளவு தூரமா என்று பெரியம்மா முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த முதலியார் குடும்பங்கள், தறிக்காரர்கள், செய்யத் தொடங்கிய இட்லி இது. குழி இட்லி இல்லை. மண் வளையத்தில் நூலை வலையாகக் கட்டி, அதன் மேல் துணியைப் போட்டு மாவை ஊற்றி, மண் பானையின் வாயில் வைத்து ஆவியில் வேகவைக்கிறார்கள். தட்டையாக, நடுவில் லேசாகக் குழிந்து வருகிறது. விறகடுப்புதான். பொடியில் தேங்காய் எண்ணெய் விட்டுக் கொடுத்தார்கள், பெரியம்மா நல்லெண்ணெய் கேட்டுக் கிடைக்கவில்லை. ஆனாலும் நாலு சாப்பிட்டார். இரண்டு பேருக்கும் டீயோடு சேர்த்து 130 ரூபாய்.

அடுப்படியில் நின்ற அக்கா துணியை இட்லியிலிருந்து உரிக்கிற லாகவத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரையலாமா என்று நோட்டை எடுத்தேன். "போட்டோ எடுத்துக்கோங்க, எல்லாரும் அதான் எடுப்பாங்க" என்றார். வரையத்தான் என்றதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றுவிட்டார். வேலை நின்றது, வரிசையில் நின்றவர்கள் என்னை முறைத்தார்கள். நோட்டை மூடிவிட்டேன்.

பாலக்காடு ஜங்ஷனிலிருந்து குற்றிப்புறத்துக்கு ரயில். மங்களூர் மெயில் போகிற அதே தடம். பத்மினி மெட்ராஸுக்கு வந்ததும் இந்த வழியில்தான் இருக்க முடியும், மலபாரிலிருந்து கிழக்கே வர ரயிலுக்கு இந்தக் கணவாய்தான் வாசல். ஒற்றப்பாலம், பட்டாம்பி என்று பாரதப்புழை கூடவே வருகிறது. வேனிலில் மணலாகக் கிடக்கிற ஆறு இப்போது கலங்கிப் போய்க் கரை தொட்டு ஓடுகிறது. பட்டாம்பி தாண்டியதும் மேலே கூரையில் எங்கேயோ ஒழுகி, சாமான் வைக்கிற பலகையில் இருந்த பெரியம்மாவின் பையில் இறங்கியது. கல்யாணப் பட்டுப் புடவை. அதற்குப் பிறகு எடப்பாள் வரை அவர் என்னோடு பேசவில்லை. நானா மழை பெய்தேன்?

எடப்பாளில் மீன் சாப்பாடு, ஒரு ஆளுக்கு 90, வறுத்த அயிலை தனியாக 60. குடிக்கப் பதிமுகம் போட்ட சிவப்பு வெந்நீர். பெரியம்மா அதைச் சாயத் தண்ணீர் என்று தொடவில்லை. மோர் வந்ததும் சமாதானமானார்.

ஆட்டோ ஸ்டாண்டில் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். "காடஞ்சேரி... பத்மினி..." என்று இழுத்ததும் ஓர் இளம் டிரைவர், "சித்திரம் வரச்ச பத்மினியல்லே? டி.கே. பத்மினி" என்றார். கொழிஞ்சாம்பாறையில் எனக்கு விழுந்த அடிக்கு இங்கே மருந்து கிடைத்துவிட்டது. அவருடைய பள்ளிக்கூடத்தில் பத்மினி பெயரில் ஓவியப் போட்டி வைத்தார்களாம், அவர் கலந்துகொண்டு யானை வரைந்தாராம். பரிசு கிடைக்கவில்லை. போக வர 300 ரூபாய் பேசி ஏறினோம்.

காடஞ்சேரி மேடும் பள்ளமுமான ஊர். செம்பாறையை அறுத்தெடுத்த வெட்டுக்கல் மதில், பாக்கு, பலா, பாசி பிடித்த படிக்கட்டு, எங்கே திரும்பினாலும் பச்சை. மரங்கள் நெருங்கி வளர்ந்து உள்ளே இருட்டாக இருந்த ஒரு காவை, சாமிக்கு விட்ட தோப்பை, தாண்டிப் போனோம். மத்தியானம் மூன்று மணிக்கு அதற்குள் மாலை. பத்மினியின் படங்களில் வருகிற கரும்பச்சையையும் காவி நிறத்தையும் நான் இதுவரை மெட்ராஸ் பாணி என்றே நினைத்திருந்தேன். அந்தக் கல்லூரிக்காரர்கள் பலரிடமும் அந்த மண் நிறம் உண்டு. இங்கே வந்து பார்த்தால் மதிலே அந்த நிறம்தான், மழைக்கு நனைந்த வெட்டுக்கல்.

டிரைவர் வீட்டைக் காட்டட்டுமா என்றார். யாரோ குடியிருக்கிற வாசலில் போய் நின்று எட்டிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. டீக்கடையில் உட்கார்ந்தோம். கட்டன் சாயாவும் பழம்பொரியும். வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர், ரிடையர்டு வாத்தியார், நாங்கள் வந்த காரணத்தைக் கேட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தமிழ் கொஞ்சம் தெரியும், மெட்ராஸில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவர்.

அவர் சொன்னதும் நான் படித்ததும் சேர்ந்து இதுதான்: பத்மினியின் அப்பா சீக்கிரமே இறந்துபோனார். பத்மினி பொன்னானி ஏ.வி. உயர்நிலைப் பள்ளியில் படித்தார். வரைகிற கை இருக்கிறது என்று கண்டுபிடித்துக் கடைசிவரை கூட நின்றது மாமா திவாகர மேனன். கவிஞர் இடசேரி கோவிந்தன் நாயர் அந்த வட்டத்து ஆள், அவரும் ஊக்கம் கொடுத்தார். பின்னாளில் பெரும் பெயர் பெற்ற ஓவியர் நம்பூதிரி, அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான், 2023 ஜூலையில் காலமானார், பத்மினிக்கு ஆரம்பத்தில் சொல்லிக்கொடுத்தவர். 1950களில் ஒரு கிராமத்துப் பெண்ணுக்குப் பின்னால் இத்தனை பேர் நின்றிருக்கிறார்கள். இதைப் படிக்கும்போது பெரிய அதிசயமாகத் தோன்றவில்லை. அந்த மேட்டில், அந்த மழையில் உட்கார்ந்து யோசித்தால் மலைப்பாக இருக்கிறது. என் வகுப்பில் எட்டாவதில் அபாரமாக வரைகிற பெண்கள் வருஷத்துக்கு ஒருத்தியாவது உண்டு. பத்தாவது வந்ததும் டிராயிங் பீரியட் கணக்குக்குப் போய்விடும். அவர்களுக்கு ஒரு மாமா இருப்பதில்லை. இருக்கிற மாமாவும் வேறு கணக்கோடுதான் இருப்பார்.

வாத்தியார் டீக்குக் காசு கொடுக்க விடவில்லை. பெரியம்மாவிடம் "அம்மா, பட்டை வெயிலில் போடாதே, நிழலில் உலர்த்து" என்று யோசனையும் சொன்னார். பை நனைந்த கதையை அவரிடம் பெரியம்மா எப்போது சொன்னார், எந்த மொழியில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

குன்னங்குளம், திருச்சூர் வழியாக எறணாகுளம் வந்து சேரும்போது ராத்திரி பத்தரை. லாட்ஜ் அறையில் பேனுக்கு நேர் கீழே கொடி கட்டிப் புடவை உலர்கிறது. இரண்டு கட்டிலுக்கும் நடுவே அரக்கு நிறத்தில் ஒரு சுவர்.

ஜூலை 14, ஞாயிறு – எறணாகுளம், மட்டாஞ்சேரி

தர்பார் ஹால் கொச்சி ராஜாவின் பழைய மண்டபம், இப்போது கேரள லலிதகலா அகாதெமியின் கலை மையம். உள்ளே எங்களைத் தவிர ஒரு புதுக் கல்யாண ஜோடி மட்டும், ஏசிக்காக வந்திருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

பத்மினியின் படங்களுக்கு முன்னால் வந்து நின்றதும் முதலில் தோன்றியது, இவ்வளவு சின்னதா? முப்பதடி யட்சியைப் பார்த்த கண் அது. கொஞ்ச நேரம் ஆனபிறகுதான் அளவு மறந்தது.

பெண்கள். நீண்ட முகம், அகலமான கண். கூந்தல் எங்கே முடிகிறது, பின்னால் இருக்கிற மரம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. உடம்பில் துணி இல்லாத உருவங்கள். ஆனால் பார்க்கிறவனுக்காக ஒருத்தியும் நிற்கவில்லை. நாணிக் கோணுவது கிடையாது, இடுப்பை ஒடிப்பது கிடையாது. லாட்ஜில் தொங்கிய ஈரச் சேலைக்காரி இடுப்பில் துணியோடு செய்ததை இவர்கள் துணி இல்லாமலும் செய்யவில்லை. குளத்துக்குப் போய்வந்த வீட்டுப் பெண்கள் உள்ளறையில் இருக்கிற மாதிரி இருக்கிறார்கள். யட்சி உலகத்தையே பார்க்க வைத்து உட்கார்ந்திருக்கிறாள். இவர்களுக்கு நாம் வந்ததே தெரியாது. கோட்டில் ஒரு தயக்கம் இல்லை, பேனா ஒரே இழுப்பில் நெற்றியிலிருந்து கழுத்துக்கு இறங்குகிறது. இருபத்தைந்து வயதில் ஒரு பெண் இதைப் போட்டிருக்கிறாள் என்பதை என் ஹையர் கிரேடு சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

1961ல் கல்லூரிக்குள் நுழைந்து 1969 மேயில் இறந்தார். நடுவில் மெட்ராஸில் பள்ளி டீச்சராகவும் வேலை பார்த்தார் (இது தெரிந்த நாளிலிருந்து அவரை எனக்குக் கொஞ்சம் உறவு மாதிரித் தோன்றும்). 1968ல் ஓவியர் கே. தாமோதரனைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்த எட்டு வருஷத்துக்குள் இருநூறுக்கு மேல் படம். பட்டம் விடும் பெண்ணை வரைந்த படம் அவர் பெயரைச் சொன்னதும் எல்லோரும் சொல்வது. "வாழ்ந்திருந்தால் எங்கேயோ போயிருப்பார்" என்று எழுதுகிறவர்களிடம் எனக்குக் கோபமே வருகிறது. இருக்கிற இருநூறைப் பார்த்து முடித்துவிட்டீர்களா? அவர் எங்கேயும் போக வேண்டியதில்லை, வந்து சேர்ந்துதான் இருக்கிறார்.

பெரியம்மா ஒரு படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். "இந்தப் புள்ள பெரசவத்துலயா போச்சு?" என்றார். ஆமாம் என்றேன். அவர் காலத்தில் எங்கள் ஊரில் அப்படிப் போனவர்கள் பெயரை வரிசையாகச் சொன்னார். நான் கேள்விப்படாத இரண்டு அத்தைகள் அதில் இருந்தார்கள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டார். பணிக்கரின் மாணவிகளில் இன்னொருவர் உண்டு, அனிலா ஜேக்கப், சிற்பி, சோழமண்டலத்தில் இருந்தவர், அந்தக் கதையை ஆரம்பித்தேன். "அவியளும் செத்துட்டாங்கன்னு சொல்லப் போறீன்னா வேண்டாம்" என்றார். அதோடு நிறுத்திவிட்டேன்.

படங்களின் அச்சுப் பிரதியோ தபால் அட்டையோ கிடைக்குமா என்று விசாரித்தேன். இன்றைக்குக் கிடைக்கவில்லை. நோட்டில் இரண்டு முகங்களைப் பென்சிலில் எடுத்துக்கொண்டேன். கண் வரவில்லை.

மத்தியானம் படகில் அக்கரைக்குப் போனோம். டிக்கெட் ஆறு ரூபாய், இந்தப் பயணத்தில் கொடுத்த காசுக்கு அதிகம் கிடைத்தது இங்கேதான். மழை விட்டு, காயலில் ஆவி பறக்கிற புழுக்கம். எதிரே உட்கார்ந்த ஓர் அம்மாள் கேட்காமலே தன் விசிறியைப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு, இறங்கும்போது வாங்கிக்கொண்டு போனார். ஒரு வார்த்தை பேசவில்லை.

மட்டாஞ்சேரி அரண்மனை போர்ச்சுகீசியர் கட்டி, ராஜாவுக்குக் கொடுத்து, டச்சுக்காரர் பழுது பார்த்தது. ராஜாவின் பள்ளியறைச் சுவரெல்லாம் ராமாயணம், இடைவெளி இல்லாமல். 1936–37ல் தெற்கே சுற்றிய ஓவியர் அம்ரிதா ஷெர்கில் இந்தச் சுவர்களுக்கு முன்னால் உட்கார்ந்து நகல் எடுத்திருக்கிறார். பாரீஸில் படித்துவிட்டு வந்தவர், அப்போது இருபத்துநாலு வயதுகூட முடியவில்லை. திரும்பிப் போய் 1937ல் வரைந்ததுதான் மணப்பெண்ணை அலங்கரிக்கும் படம், பிரம்மச்சாரிகள், சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தார். அந்த மூன்றின் செம்மண்ணும் கறுத்த உடம்புகளும் இந்தப் பயணம் கொடுத்தவை. 1941ல் லாகூரில் இறந்தார், 28 வயது. பெரியம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

அவருக்கு வேறு வேலை இருந்தது. கீழ்த்தளத்தில் பெண்களின் அறையில் கிருஷ்ணனும் கோபியரும். படம் எடுக்கக் கூடாது என்பதால் நின்று பார்த்தால்தான் உண்டு. கூட்டத்தோடு வந்த கைடு ஒருவர் அந்தச் சுவரைப் பார்க்காமல் இங்கிலீஷில் வேகமாக எதையோ சொல்லிவிட்டு நகர்ந்தார். பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போய், விரலை நீட்டி எண்ணினார். காவலர் எழுந்து வந்தார்.

"ஆறு கையி, ரெண்டு காலு, பொம்பளைங்க எட்டு. கணக்கு சரியாத்தான் போட்டிருக்கான்."

காவலருக்குத் தமிழ் தெரியும்போல. திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டார், தோள் குலுங்கியது.

சுவரில் வரைந்தவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. அத்தனை பேரும் ஆண்களாகத்தான் இருந்திருப்பார்கள், அந்தப் பரம்பரையில் பெண்ணுக்குச் சுவர் கொடுத்ததில்லை. பெண்களுக்கு அறை கொடுத்து, அதில் கிருஷ்ணனை வரைந்து வைத்தார்கள். அந்த அறையில் இருந்தவர்கள் அந்தப் படத்தைப் பார்த்து என்ன பேசிச் சிரித்திருப்பார்கள் என்பதில் இப்போது எனக்குச் சந்தேகமில்லை. கையும் காலும் எண்ணியிருப்பார்கள்.

ஜூலை 15, திங்கள் – திரும்பும் வழி

ரயில் திருச்சூருக்கும் ஷொர்ணூருக்கும் நடுவே ஒன்றரை மணி நேரம் நின்றது. எங்கேயோ மரம் விழுந்ததாம். பெட்டி முழுக்க மழைச் சாரல், எல்லா ஷட்டரும் இறக்கி, உள்ளே புழுக்கம். எதிர் சீட்டுப் பையன் போனில் பாட்டு போட்டான், பக்கத்து சேச்சி ஒரு பார்வை பார்த்ததும் காதில் மாட்டிக்கொண்டான். சாயா விற்றவர் அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஐந்து சுற்று வந்தார், விலையை ஏற்றவில்லை, 12 ரூபாயே.

பாலக்காடு தாண்டிக் கஞ்சிக்கோடு, வாளையாறு. மலை இரண்டு பக்கமும் விலகி, காற்று மறுபடி பிடித்துக்கொண்டது, மழை கத்தரித்த மாதிரி நின்றது. கோயம்புத்தூரில் வெயில்.

போக நினைப்பவர்களுக்கு: ராமசேரிக்குக் காலையிலேயே போய்விடுங்கள். எடப்பாள் ஆட்டோ ஸ்டாண்டில் தைரியமாகப் பத்மினி என்று கேட்கலாம். தர்பார் ஹாலுக்கு ஒரு காலைப் பொழுதை முழுசாக ஒதுக்குங்கள், மாலையில் லைட் போட்டால் அந்தக் கரும்பச்சை கறுப்பாகிவிடும். எல்லாவற்றையும் பாலிதீன் கவரில் கட்டி எடுத்துப்போங்கள், பட்டுப் புடவையை எடுத்துப் போகாதீர்கள்.

உடுமலை பஸ்ஸில் பெரியம்மா கேட்டார், "அந்தப் பணிக்கரு புள்ளைங்களெல்லாம் சேந்து இருந்த ஊருன்னியே, அது எங்க?"

சோழமண்டலம். 1966ல் பணிக்கர் தொடங்கியது, ஓவியர்களே நிலம் வாங்கி, பத்திக் என்கிற மெழுகுச் சாயத் துணி வேலையும் கைவினையும் செய்து விற்றுப் பிழைத்த கிராமம். சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது, அவர்களுடைய படங்கள் அங்கே மாட்டியிருக்கின்றன என்றேன்.

"கடலோரமா?"

"ஆமாங் பெரீம்மா."

"அப்ப மீனு நல்லா இருக்கும்" என்றார். அரைப் பரீட்சை லீவில் போவதாக முடிவாகியிருக்கிறது.